போடாத ஊசி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் மாமாவும் சுகம். மாமாவின் முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்பே புலம்ப ஆரம்பித்துவிடுகிறது. நீயும் உன் மனைவியும் சின்னவளும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் கூப்பிட்டால் இரண்டாவது நிமிஷமே "சரிக்கா, வெச்சிடறேன்" என்கிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாதல்லவா?

உங்கள் தொழிற்சாலையில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டின் நகலை உன் மனைவி அனுப்பியிருந்தாள். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதச் சராசரி பதினொன்றேகால்! ஏழுக்குள் இருக்க வேண்டியது. பதினாலு வருஷமாகச் சர்க்கரை நோய் கிளினிக்கில் நர்ஸாக இருந்து ஊரையே மிரட்டிக்கொண்டிருக்கிறேன். என் கூடப் பிறந்தவன் ரத்தத்தில் பாகு ஓடுகிறது. வெளியே தெரிந்தால் என் மானம் போகும்.

டாக்டர் காலையும் ராத்திரியும் இன்சுலின் போடச் சொல்லியிருக்கிறார். ஊசி என்றதும் முகத்தைச் சுளிக்காதே. பத்து டன் இரும்பை அந்தரத்தில் தூக்குகிற கிரேன் ஆபரேட்டருக்கு ஓர் அரை அங்குல ஊசியா பெரிது? வாரம் மூன்று நாள் விரலில் குத்திப் பார்த்து, எத்தனை இருந்தது என்று எனக்கு எழுத வேண்டும். சாக்குப்போக்கு வேண்டாம்.

சின்னவளுக்கு முத்தம்.

உன் அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்கா,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. மேஜை மேல் வைத்திருந்தேன், மூன்று நாள் அது என்னையே முறைத்துக்கொண்டிருந்தது.

நீ கேட்டபடி: திங்கள் 140, புதன் 132, வெள்ளி 128. இறங்குமுகம்தான். ஊசி பழகிவிட்டது. சின்னவள்தான் பக்கத்தில் நின்று "வலிக்குதாப்பா?" என்று கேட்கிறாள். எறும்பு கடிக்கிற மாதிரி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வேலை எப்பவும் போலத்தான். அறுபத்திரண்டு படி ஏணி ஏறுகிறேன், கூண்டில் உட்காருகிறேன், தூக்கச் சொன்னதைத் தூக்குகிறேன், இறக்கச் சொன்ன இடத்தில் இறக்குகிறேன். தூக்கம்தான் கொஞ்சம் சரியில்லை. முன்பெல்லாம் மேலிருந்து கீழே பார்க்க எனக்குப் பிடிக்கும். இப்போது பார்க்கப் பிடிப்பதில்லை. வயதாகிறது போலிருக்கிறது.

மாமாவின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 15

என் தங்கத் தம்பிக்கு,

இங்கே சுகம். 128 என்று படித்ததும் கிளினிக்கில் எல்லோருக்கும் காட்டினேன். "சிஸ்டர் தம்பின்னா சும்மாவா" என்றார்கள்.

தூக்கம் வராததற்கு நீ குடிக்கிற டீதான் காரணம். ஒரு நாளைக்கு எட்டு டம்ளர். ஐந்து மணிக்கு மேல் தொடாதே, தானாகத் தூக்கம் வரும்.

போன வாரம் ஒரு தையல்காரர் வந்தார். நானூற்றுப் பத்து! ஊசி போடுவதையே விட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார். "உங்க காலை எடுக்கணும்னா அப்ப வருவீங்களா? பிள்ளைங்க நடுத்தெருவுல நிக்கட்டும்னு நினைச்சீங்களா?" என்று நன்றாகக் கொடுத்தேன். மனிதர் அழுதுவிட்டார். அழட்டும். அடுத்த மாதம் பார், ஒழுங்காக வந்து நிற்பார். பயம் இல்லாமல் இந்த வியாதி அடங்காது.

உனக்கு ஒரு நோட்டு அனுப்புகிறேன். தேதி, நேரம், எண் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருக்கிறேன். ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது, ஞாபகம் வைத்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

இந்த மாத எண்கள்: 112, 115, 113, 112, 114. நோட்டில் ஒரு கட்டமும் காலியில்லை.

பட்டறையில் சூடான தகடு ஒன்றின் மேல் கால் வைத்துவிட்டேன். செருப்பின் அடிப்பாகம் உருகி ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் நின்றவன்தான் "அண்ணே, புகை வருது" என்றான். சின்னக் கொப்புளம், அவ்வளவுதான். ஆறிவிடும்.

நிறைய இளைத்துவிட்டேன். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாயிற்று. நீ எப்போதும் தொப்பையைப் பார்த்துத் திட்டுவாய், இனி திட்ட எதுவுமில்லை.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

112, 115, 113, 112, 114. டேய், யார் காதில் பூ சுற்றுகிறாய்? மனித உடம்பு மாதம் முழுக்க இப்படி நூல் பிடித்த மாதிரி ஓடாது. கலியாணத்துக்குப் போனால் ஏறும், காய்ச்சல் வந்தால் ஏறும், கோபப்பட்டாலும் ஏறும். உன் எண்கள் எதற்கும் அசையவில்லை. ஒரே உட்காரலில், ஒரே பேனாவில் எழுதியதுதானே?

உண்மையான 112 உள்ளவன் பெல்ட்டில் ஓட்டை போட மாட்டான். காலில் சூடு பட்டால் கத்துவான். என்னிடம் வந்து "தெரியவே இல்லை" என்று சிரிக்கிறாய்.

ஊசி போடுகிறாயா இல்லையா? இந்தச் சோம்பேறித்தனம் எங்கிருந்து வந்தது உனக்கு? பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது என்ற நினைப்பாவது உண்டா? நாளைக்கே ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்து, அவர்கள் அச்சடித்துத் தருகிற காகிதத்தை அனுப்பு. உன் கையெழுத்தில் வருகிற எதையும் இனி நான் நம்பமாட்டேன்.

அக்கா


மே 20

தம்பிக்கு,

ஆறு வாரமாகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வீட்டுக்குப் போன் செய்தால் உன் மனைவி ஒவ்வொரு முறையும் "டூட்டிக்குப் போயிருக்கார் அண்ணி" என்கிறாள். பின்னால் நீ இருமுவது கேட்கிறது.

கோபம் இருந்தால் திட்டி எழுது. எழுது, அது போதும்.

அக்கா


ஜூன் 2

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பியின் மனைவி எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அண்ணி, நேற்று ஃப்ரிட்ஜைத் துடைக்க எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். கதவுத் தட்டில் இன்சுலின் புட்டிகள் ஒன்பது இருந்தன. ஒன்றின் மூடியும் உடைக்கப்படவில்லை. மாதாமாதம் கடையிலிருந்து ஒழுங்காக வாங்கி வருகிறார். வாங்கி அடுக்குகிறார், அதோடு சரி. காலையில் ஊசி போடுவதாகச் சொல்லிக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். குழாயைத் திறந்துவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று இப்போதுதான் புரிகிறது.

கேட்டேன். "போட்டு என்ன ஆகப்போகுது?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். மணி என்ன என்று கேட்கிற மாதிரி சொன்னார்.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்த விஷயம் ஒன்று இருக்கிறது. இனிமேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை. போன நவம்பரில் ஃபேக்டரியில் விபத்து நடந்தது. இவர் கிரேனில் தூக்கிய இரும்புத் தகடுகள், கட்டித் தூக்கும் பெல்ட் அறுந்து விழுந்தன. கீழே நின்று கிரேனுக்குக் கை காட்டுபவர் ஒருவர் இருந்தாரே, ஏணியில் ஏறாமல் தூணைப் பிடித்தே மேலே வந்துவிடுவார் என்று எல்லோரும் "சர்க்கஸ்" என்று கூப்பிடுவார்களே, அவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். இருவரும் பதினொரு வருஷம் ஒரே ஷிப்ட். விசாரணை வைத்தார்கள். பழைய பெல்ட், ஆபரேட்டர்மீது தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். நான்காம் நாள் இவர் மறுபடி ஏணி ஏறினார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை வீட்டில் சொன்னதே இல்லை. ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. அடுத்த மாதம்தான் அந்த ரத்தப் பரிசோதனை.

இப்போதெல்லாம் சின்னவள் பேசினால் இரண்டு முறை கேட்கிறார். பேப்பரைத் தூரமாகப் பிடித்துப் படிக்கிறார், பிறகு மடித்து வைத்துவிடுகிறார். பாதத்துப் புண் ஆறவில்லை. அந்தக் காலோடும் அந்தக் கண்ணோடும் தினமும் அறுபத்திரண்டு படி ஏறுகிறார் அண்ணி. கீழே ஆட்கள் நிற்கிறார்கள்.

நான் என்ன செய்ய?

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி


ஜூன் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ சத்தியத்தை மீறியது நல்லது. அதற்காக ஒரு நாளும் வருந்தாதே.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் பழைய கடிதங்களில் என்னவெல்லாம் எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். கீழே பார்க்கப் பிடிக்கவில்லை என்று ஜனவரியிலேயே எழுதியிருந்தான். நான் டீயைக் குறைக்கச் சொன்னேன்.

எங்கள் கிளினிக்கில் செவ்வாய்க்கிழமைதோறும் மனநல டாக்டர் ஒருவர் வருவார். அவருடைய அறையை நாங்கள் சாமான் வைக்கப் பயன்படுத்துவோம், அந்த அளவுக்குத்தான் அவருக்கு மரியாதை. இன்று நானே போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது சோம்பேறித்தனம் இல்ல சிஸ்டர். உங்க தம்பி உயிரை விடறதுக்குத் தனியா எதுவும் செய்யலை. வர்றதைத் தடுக்காம உட்கார்ந்திருக்கார். சீக்கிரம் யாராவது பக்கத்துல போங்க."

உங்கள் ஃபேக்டரி டாக்டருக்கு இன்றே எழுதிவிட்டேன். அவனைக் கிரேனிலிருந்து இறக்கச் சொல்லியிருக்கிறேன், மனநலச் சிகிச்சைக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். வாந்தி, வேகமாக மூச்சு வாங்குதல், பேச்சில் குழறல், இதில் எது வந்தாலும் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. அவனைத் தனியாக விடாதே. எனக்கு லீவு கிடைத்ததும் வருகிறேன்.

உன் அண்ணி


ஜூன் 30

என்னைக் கீழே இறக்கிவிட்டாய். கேட்டில் வருகிற லாரி எண்ணை எழுதும் வேலை கொடுத்திருக்கிறார்கள். மனநல டாக்டரிடம் போகச் சீட்டும் கொடுத்தார்கள், கிழித்துப் போட்டேன். எனக்கு ஒன்றும் பைத்தியம் பிடிக்கவில்லை.

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். திருப்திதானே?

இனி எழுத வேண்டாம்.


ஆகஸ்ட் 19

என் அன்புத் தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மாமா மூன்று வாரம் தானே சமைத்துச் சாப்பிட்டு உயிரோடு இருக்கிறார், ஆச்சரியம்தான்! நீ எப்படி இருக்கிறாய்? கட்டு மாற்றினார்களா?

நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன்.

ஜூலை இருபத்தாறாம் தேதி உன் மனைவி போன் செய்தபோது ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். கேட் அறையில் நாற்காலியிலேயே சரிந்து கிடந்தாய், மூச்சு இரைத்தது, கூப்பிட்டால் பதில் இல்லை என்றாள். நான் வந்து சேர்ந்தபோது உனக்கு நினைவில்லை. சர்க்கரை அறுநூற்றுக்கு மேல். பாதத்துப் புண் எலும்புவரை போயிருந்தது. இரண்டு விரலை எடுக்கக் கையெழுத்துப் போடச் சொல்லி உன் மனைவியிடம் காகிதத்தை நீட்டினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். "கால் எடுக்கணும்னா அப்ப வருவீங்களா" என்று நான் எத்தனை பேரைக் கேட்டிருப்பேன்! அன்றைக்குப் பேனாவை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியின் மனநல ஆலோசகர் அம்மா வந்தது உனக்கு நினைவிருக்கும். திரைக்குப் பின்னால் நான் உன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சர்க்கரையைப் பத்திக் கேட்க வரலை. இந்த ஒரு வருஷம் உங்களுக்கு எப்படிப் போச்சு?"

நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அவர் மறுபடி கேட்கவில்லை. உன் சார்பில் நானே ஏதாவது சொல்லிவிடலாமா என்று திரையை விலக்கினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். சுவர்க் கடிகாரத்தில் பதினொரு நிமிஷம் போனது. அதற்கப்புறம்தான் நீ பேசினாய். "யாரும் இப்படிக் கேக்கலை." அவ்வளவுதான் சொன்னாய். நான் தாழ்வாரத்துக்குப் போய்க் கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவர் வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "மனசு விழுந்து கிடக்கிறவருக்கு ஊசியை எடுக்கவே கை வராது. ஊசி போடாததால உடம்பு கெடும். உடம்பு கெட்டா மனசு இன்னும் விழும். ரெண்டையும் சேர்த்துத்தான் தூக்கணும். திட்டினா மறைப்பாங்க, அவ்வளவுதான்."

நீ மறைத்தாய். மறைக்க நான்தான் கட்டம் போட்ட நோட்டு அனுப்பினேன். என்னை மன்னித்துவிடு.

இன்னொன்று. பிப்ரவரியில் ஒரு தையல்காரரை அழவைத்தேன் என்று பெருமையாக எழுதினேன் அல்லவா? நேற்று அவருடைய அட்டையைத் தேடி எடுத்தேன். அன்றைக்குப் பிறகு அவர் வரவே இல்லை. அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது.

உன் அக்கா


அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கால் ஆறிவிட்டது. நடக்கும்போது கொஞ்சம் சாய்கிறேன். சின்னவள் என் பின்னாலேயே அதே மாதிரி சாய்ந்து நடந்து சிரிக்க வைக்கிறாள். வலது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். பார்வை திரும்ப வந்தவரை லாபம் என்றார் டாக்டர். இனி கிரேனில் ஏற முடியாது.

வியாழன்தோறும் ஆலோசகர் அம்மாவிடம் போகிறேன். தூக்கத்துக்கும் மனசுக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவரிடம் சொன்னதை என் மனைவியிடம், அதான் உன் தங்கச்சியிடம், சொன்னேன். இப்போது உனக்கு.

அன்றைக்குக் காலையில் சர்க்கஸ் பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். மேலே நிமிர்ந்து, "இது நைஞ்சு போயிருக்கு மாப்ளே, ஸ்டோர்ல சொல்லி மாத்திக்கலாம்" என்று கத்தினான். ஸ்டோர் திறக்க அரை மணி ஆகும். நான், "இந்த ஒரு தூக்கு முடிஞ்சிடட்டும்டா" என்றேன். அவன் சிரித்துக்கொண்டு கையை உயர்த்தினான். தூக்கினேன்.

விசாரணையில் இதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தவறில்லை என்று காகிதம் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் மறுபடி ஏணி ஏறினேன். டிசம்பரில் சர்க்கரை என்றதும், அக்கா, எனக்கு நிம்மதியாக இருந்தது. காகிதத்தில் இல்லாத தண்டனை வேறு வழியாக வருகிறது என்று நினைத்தேன். அதை ஊசி போட்டு எப்படித் தடுப்பேன்? நீ திட்டித் திட்டி எழுதியதும் எனக்கு அப்படியே பொருந்தியது. இன்னும் திட்டமாட்டாளா என்று இருந்தது. ஆனால் கீழே இறங்கச் சொன்னதுதான் தாங்கவில்லை. அவன் விழுந்த இடத்துக்கு மேலே தினமும் போய் உட்காருவது ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது.

போன ஞாயிறு அவன் மனைவியைப் பார்த்து இதைச் சொல்லப் போனேன். அவசரம் வேண்டாம், நாம் பேசிவிட்டுப் போகலாம் என்று ஆலோசகர் அம்மா சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. வாசலில் நின்றே சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள். "இதை ஏன் இப்ப வந்து என்கிட்ட சொல்றீங்க? நான் இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்?" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரி ஊசி போடவில்லை. அடுத்த நாளும் இல்லை. இன்று காலை இருநூற்றெண்பது. குளியலறைக்குப் போகாமல் கூடத்தில் உட்கார்ந்து உன் தங்கச்சியிடம், "ரெண்டு நாளா போடலை" என்றேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆலோசகர் அம்மாவுக்கும் போன் செய்துவிட்டேன். இன்று மாலையே வரச் சொல்லியிருக்கிறார். மருந்துப் புட்டிகள் இப்போது அவள் பொறுப்பில். மத்தியானம் அவள் எடுத்துக் கொடுத்தாள், போட்டுக்கொண்டேன்.

நாளைக்குப் போடுவேனா என்று சத்தியம் பண்ணத் தெரியவில்லை அக்கா. பயமாக இருக்கிறது. முன்பு பயமே இல்லை, அதுதான் வித்தியாசம்.

மாமாவுக்கு என் அன்பு.

தம்பி


அக்டோபர் 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது. நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் வழக்கம்போல என் வாய் என்னென்னவோ முணுமுணுத்தது. அதில் எதையும் இங்கே எழுதவில்லை.

உன் வீட்டுக்குப் போன் செய்தேன். செவ்வாயிலிருந்து நேற்றுவரை தினமும் போட்டாய் என்று தங்கச்சி சொன்னாள். நாளைக்கு எப்படி என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெண்மணிக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்தவர் யாரும் இருப்பதாகவும் தோன்றவில்லை. அதைச் சுமந்துகொண்டுதான் நீ இருக்க வேண்டியிருக்கும். இரு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அடுத்த ஞாயிறு காலை முதல் வண்டியில் வருகிறேன். சர்க்கரை பார்க்கும் மீட்டர் எதுவும் கொண்டுவரவில்லை.

தம்பி, "ஒழுங்காகப் போடுகிறேன், 118" என்று நீ எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நம்ப வேண்டும் என்று அவ்வளவு ஆசை எனக்கு. நீ அப்படி எழுதவில்லை.

உன் அக்கா